எருக்கின் சுற்றத்தார்

பூவிருந்தவல்லி என்னும் ஊர்ப்பெயர் மக்கள் வாயில் பூந்தமல்லியாகி, ஆங்கில எழுத்தில் பூனமல்லியாகிவிட்டது. எப்படிச் சொன்னாலும் பூ மட்டும் அந்தப் பெயரை விட்டுப் போகவில்லை. காஞ்சி வரதருக்குப் பூமாலை கட்டிச் சேவை செய்த திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் அது என்பர். அங்கிருந்து வடக்கே வந்தால் திருமுல்லைவாயில். தொண்டைமான் ஏறி வந்த யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டதால் அந்த ஊருக்கு அப்பெயர் வந்ததாகத் தலவரலாறு கூறுகிறது. ஆனால் அக்கோயிலுக்குச் சென்றவர்கள் வியந்து சொல்வது முல்லையைப் பற்றி அன்று. கருவறைக்கு முன்னே நிற்கும் இரண்டு வெள்ளெருக்குத் தூண்களைப் பற்றியே! ஆள் உயரத்துக்குச் சற்று மேல் வளரும் புதர்ச் செடி தூணாகுமளவு பருத்திருந்தது என்றால், அது எத்தனை ஆண்டு வெட்டுப்படாமல் நின்றிருக்க வேண்டும்?

முல்லையைப் பாடியவர் பலர். எருக்கை யாரும் தலையில் சூடுவதில்லை. அம்பத்தூர் நிலையத்திலிருந்து ஆவடி வரை ரயிலில் வரும் தோழியர் சன்னல் வழியே பார்த்தால், இருப்புப் பாதையின் இருபுறமும் சாம்பல் பூத்த பச்சை இலைகளுடன் நிற்பது பெரும்பாலும் இந்தச் செடிதான். கேட்பாரற்ற செடி என்று நாம் நினைக்கிறோம். அதன் சுற்றத்தாரை விசாரித்தால் அந்த எண்ணம் மாறிவிடும். பூஜைக்குப் பறிக்கும் நந்தியாவட்டையும் அரளியும், கோடையில் நாம் குடிக்கும் நன்னாரி சர்பத்தும், புற்றுநோய் கண்ட குழந்தைகளின் உயிரைக் காக்கும் மருந்தும் அந்த ஒரே வீட்டிலிருந்து வந்தவையே.

11-ஆம் வகுப்புத் தாவரவியல் மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டு இந்தக் குடும்பத்தை எடுத்துக்கொண்டோம். காரணம் எளிது. இதைப் படிக்கக் கொல்லிமலைக்கோ உதகைக்கோ போக வேண்டியதில்லை. மதிலோரத்தில் அரளி, முகப்பில் நந்தியாவட்டை, கல்லறைத் தோட்டத்தில் ஈழத்தலரி, குழாயடியில் நித்தியகல்யாணி, வேலியில் உத்தாமணி, ஏரிக்கரைப் புதரில் நன்னாரிக்கொடி, வெளியே எங்கும் எருக்கு. கையில் ஒரு பூதக் கண்ணாடியும் பழைய பிளேடும் இருந்தால் போதும்.

பெயரை நம்பலாமா?

நித்தியகல்யாணிக்குச் சுடுகாட்டு மல்லி என்றொரு பெயரும் உண்டு. மங்கலமான பெயரும் அமங்கலமான பெயரும் ஒரே செடிக்கு வாய்த்தது ஒரு வேடிக்கை. ஆனால் அது மல்லியும் அன்று, மல்லிக்கு உறவும் அன்று. மல்லி, முல்லை, பவழமல்லி மூன்றும் ஒரு குடும்பத்தவை. சுடுகாட்டு மல்லியோ எருக்கின் வீட்டைச் சேர்ந்தது. ஆகவே பெயரை வைத்து உறவு பேச முடியாது.

‘ஒடித்தால் பால் வருகிறதே, அதை வைத்துச் சொல்லலாமே’ என்று எங்களில் சிலர் கேட்டனர். எருக்கிலும் அரளியிலும் நந்தியாவட்டையிலும் பால் வடிவது உண்மைதான். ஆனால் கள்ளியிலும் பால் வடிகிறது. ஆலிலும் அத்தியிலும் வடிகிறது. பப்பாளிக் காயிலும் வடிகிறது. இவை வெவ்வேறு குடும்பங்கள். கடிக்க வரும் பூச்சியின் வாயை ஒட்டவைக்கும் இந்தத் தந்திரத்தைத் தாவரங்கள் பலமுறை தனித்தனியே கைக்கொண்டிருக்கின்றன. வெள்ளைச் சீருடை அணிந்த எல்லாரும் ஒரே பள்ளி மாணவியர் ஆகிவிடுவார்களா?

உறவு தெரிவது பூவைப் பிளந்து பார்க்கும்போதுதான். நித்தியகல்யாணிப் பூ ஒன்றை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். அடியில் சூலகம் ஒன்றல்ல, இரண்டு இருக்கும். தனித்தனியே நிற்கும் அவை மேலே ஒரே சூல்தண்டாகி ஒரே தலையில் முடிகின்றன. இரண்டு உடல், ஒரு தலை! அதனால்தான் ஒரு பூவிலிருந்து இரட்டைக் காய் உண்டாகிறது. அரளியில் அப்படியே. நந்தியாவட்டையில் அப்படியே. எருக்கிலும் அப்படியே, ஆனால் இரண்டில் ஒன்று பெரும்பாலும் பிஞ்சிலேயே வாடிவிடுவதால் நமக்கு ஒற்றைக் காயாகத் தோன்றும். மொட்டையும் பாருங்கள். அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, ஈழத்தலரி ஆகியவற்றின் இதழ்கள் காகிதக் காற்றாடி போல ஒன்றன் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறி முறுக்கிக்கொண்டிருக்கும். எருக்கு மட்டும் இந்த வழக்கத்தைக் கைவிட்டு, இதழ்களை விளிம்போடு விளிம்பு சேர்த்து மூடுகிறது. எந்தக் குடும்பத்திலும் ஒருவர் இப்படி இருப்பார் அல்லவா?

பிரிந்தவர் கூடிய கதை

1753-இல் லின்னேயஸ் தாவரங்களை மகரந்தத் தாள்களின் எண்ணிக்கை கொண்டு வகுத்தார். அவர் நோக்கம் உறவு காண்பதன்று, அடுக்கி வைப்பது. 1789-இல் பிரெஞ்சு அறிஞர் ஜுஸ்ஸியு பல உறுப்புகளையும் ஒருங்கே நோக்கி இயற்கைக் குடும்பங்களை வகுத்தபோது, அரளி இனத்தையும் எருக்கின் இனத்தையும் ஒரே குடும்பத்தில் வைத்தார். 1810-இல் ராபர்ட் பிரவுன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் அதை இரண்டாகப் பிரித்தார். அரளியில் மகரந்தம் தூளாக இருக்கிறது. எருக்கிலோ அது மெழுகுப் பொதியாகத் திரண்டிருக்கிறது. இத்தனை பெரிய வேறுபாட்டை வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் எப்படி இருக்க முடியும் என்பது அவர் வாதம். அன்று முதல் அப்போசைனேசி என்றும் அஸ்கிளபியடேசி என்றும் இரண்டு குடும்பங்கள் பாடநூல்களில் குடியேறின. எங்கள் தாய்மார்கள் கல்லூரியில் படித்ததும் அப்படியே. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் ஹெர்பேரியத்திலிருந்து அருட்தந்தை கே. எம். மேத்யூ, சே.ச., 1981 முதல் வெளியிட்ட தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்கள் பற்றிய பெருநூலிலும், அக்கால வழக்கப்படி, இவை தனித்தனியே நிற்கின்றன.

இடையே ஒரு செய்தி. உயிரியல் பாடத்தில் முதல் அதிகாரத்திலேயே வரும் ‘நியூக்ளியஸ்’ என்னும் செல் உட்கருவுக்குப் பெயர் வைத்தவரும் இந்த ராபர்ட் பிரவுன்தான். 1831-இல் லண்டனில் அவர் வாசித்த அந்தக் கட்டுரை ஆர்க்கிட் பூக்களும் எருக்கின் உறவினரும் எவ்வாறு கருவுறுகின்றன என்பதைப் பற்றியது. எருக்கின் சுற்றத்தாரைத் துருவிப் பார்த்தவர் கண்ணில் வழியில் தட்டுப்பட்டது உட்கரு! இதை எங்களுக்கு யாரும் முன்பே சொல்லியிருந்தால் அந்த அதிகாரத்தை இன்னும் ஆவலோடு படித்திருப்போம்.

உருவத்தை வைத்து நடந்த வழக்கில் பின்னர் மரபணு சாட்சி சொல்ல வந்தது. இலையிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வின் எழுத்து வரிசைகளை ஒப்பிட்டபோது, எருக்கு தனி மரம் அன்று, அரளி மரத்தின் நடுவிலிருந்து கிளைத்த ஒரு கிளையே என்று தெரிந்தது. அரளிக்கும் எருக்குக்கும் உள்ள உறவு, அரளிக்கும் நித்தியகல்யாணிக்கும் உள்ள உறவைவிட நெருக்கமானது. அப்படியிருக்க, அரளியையும் நித்தியகல்யாணியையும் ஒரு வீட்டில் வைத்துவிட்டு எருக்கை மட்டும் வெளியே நிறுத்துவது எப்படிப் பொருந்தும்? 1998-இல் பூக்கும் தாவரங்களின் மரபுவழியை ஆராயும் பன்னாட்டுக் குழுவினர் இரண்டையும் மீண்டும் ஒன்றாக்கினர். ஏறத்தாழ 5,000 இனங்கள் கொண்ட பெருங்குடும்பம் அது. ஜுஸ்ஸியு சொன்னது 200 ஆண்டுகளுக்குப் பின் நிலைபெற்றது.

பிரவுன் கண்ட வேறுபாடு பொய்யல்ல. எருக்கின் பூ உண்மையாகவே விந்தையானது. அதை விந்தையாக்கியவர்கள் அதனிடம் வந்து போகும் விருந்தினர்கள்.

தூளிலிருந்து பொதி வரை

நித்தியகல்யாணியில் தொடங்குவோம். பூவின் நடுவே ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. கீழே நீண்ட மெல்லிய குழல், அதன் அடியில் தேன். வண்டுக்கு அங்கே வேலையில்லை. நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள வண்ணத்துப்பூச்சிக்கும் அந்துப்பூச்சிக்குமே அது எட்டும். குழலின் மேற்பகுதியில், அந்த இரட்டைச் சூலகங்களின் ஒற்றைத் தலை தடித்து நிற்கிறது. அந்தத் தலையின் அமைப்பைக் கேளுங்கள். அடி விளிம்பில் மகரந்தத்தை ஏற்கும் இடம், நடுவில் பசை, உச்சியில் அந்தப் பூவின் சொந்த மகரந்தம். பூச்சி தேனைக் குடித்துவிட்டு உறிஞ்சுகுழலை மேலே இழுக்கிறது. முதலில் அடி விளிம்பு, அது முந்திய பூவிலிருந்து கொண்டுவந்த தூளை வழித்துக்கொள்கிறது. பிறகு பசை தடவப்படுகிறது. கடைசியில் பசையின் மேல் புதுத்தூள் ஒட்டுகிறது. வரவு, பசை, செலவு என்று ஒரே இழுப்பில் கணக்கு முடிந்துவிடுகிறது!

நன்னாரிப் பூ மிகச் சிறியது. பலர் பார்த்தே இருக்கமாட்டார்கள். அதில் பசையோடு சின்னஞ்சிறு கரண்டி ஒன்றும் இருக்கிறது. மகரந்தம் கரண்டியில் விழுகிறது. கரண்டியின் பிடி பூச்சியின் மேல் ஒட்டிக்கொள்ள, கரண்டியோடு சேர்ந்து மகரந்தம் பயணம் போகிறது. எருக்கில் கரண்டியும் இல்லை, தூளும் இல்லை. மகரந்தம் முழுவதும் இரண்டு பொற்பைகளாகத் திரண்டு, நடுவில் ஒரு கருநிறக் கொளுவியால் இணைக்கப்பட்டு, தராசுத் தட்டுகள் போலத் தொங்குகிறது.

தூள், கரண்டி, பொதி என்று வரிசையாகச் சொன்னவுடன் நன்னாரியிலிருந்து எருக்கு பிறந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இன்று உயிரோடிருக்கும் ஒரு செடி இன்னொரு செடிக்குப் பாட்டியாக முடியாது. நன்னாரி எருக்குக்கு ஒன்றுவிட்ட தங்கை. இருவருக்கும் பொதுவான பாட்டி மறைந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆயின. வீட்டுச் சொத்தை ஒவ்வொரு கிளையும் தன் போக்கில் பெருக்கியிருக்கிறது, அவ்வளவே. பரிணாமம் என்றதும் பலர் ஏணியை நினைக்கிறார்கள். கிளை விட்ட மரத்தை நினைப்பதே சரி.

எருக்கம்பூ ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வோம். நடுவில் ஐந்து மூலையுள்ள ஒரு மகுடம். அதன் ஐந்து புறத்திலும் தேன் தேங்கும் குழிகள். இரு குழிகளுக்கிடையே செங்குத்தான ஒரு பிளவு. இதற்கு ஏற்ற விருந்தாளி கருவண்டு. உலர்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டுக் குடியிருக்கும், நீலம் மின்னும் இறகுடைய பெரிய வண்டு அது. அதன் ரீங்காரத்தைக் கேட்டு அலறி ஓடும் தோழியர்க்கு ஒரு சொல்: அதன் ஆணுக்குக் கொடுக்கே கிடையாது, பெண்ணும் நாம் பிடித்து நசுக்கினால் அன்றிக் கொட்டுவதில்லை. தேன் குடிக்க அது மகுடத்தைக் கட்டிப் பிடிக்கும்போது கால் பிளவுக்குள் வழுக்குகிறது. காலை மேலே இழுக்கும்போது பிளவின் உச்சியிலுள்ள கொளுவி கவ்விக்கொள்கிறது. இரு பொதிகளும் வெளியே வந்துவிடுகின்றன. அடுத்த பூவில் கால் வழுக்கும்போது பொதி பிளவுக்குள் சிக்கி அறுந்து அங்கேயே தங்குகிறது. இழுக்கும் வலு இல்லாத சிறு பூச்சிகள் சில வேளை கால் மாட்டிக்கொண்டு மாண்டுபோவதும் உண்டு.

இதனால் செடிக்கு என்ன இலாபம்? தூளாகச் சிதறினால் வழியில் பெரும்பகுதி வீண். பொதியாகப் போனால் ஒரே பயணத்தில் நூற்றுக்கணக்கான மகரந்த மணிகள் ஒரே பூவைச் சேரும். அதனால்தான் ஒரே எருக்கங்காய் வெடிக்கும்போது பட்டு இழை தாங்கிய அத்தனை விதைகள் பறக்கின்றன. நட்டமும் உண்டு. பொதி வழி தவறினால் எல்லாமே போயிற்று. நாங்கள் ஒரு செடியைச் சுற்றி நின்று எண்ணிப் பார்த்தோம். பூங்கொத்துகள் நிறைய, காய்களோ விரல் விட்டு எண்ணத்தக்கவை.

இதே பொதித் தந்திரத்தை, சற்றும் உறவில்லாத இன்னொரு குடும்பம் தானாகவே கண்டுகொண்டிருக்கிறது. அதுதான் ஆர்க்கிட். எருக்கு இருவித்திலை வகை. ஆர்க்கிட் ஒருவித்திலை வகை. தேவை ஒன்றானால் உறவில்லாதவரும் ஒன்றுபோல ஆவர். விருந்தாளி மாறினால் உடன்பிறந்தவரும் வேறுபோல ஆவர். ராபர்ட் பிரவுனைத் திசை திருப்பியது இந்த இரண்டாவது உண்மையே.

அரளியும் ஈழத்தலரியும் வேறு ரகம். செவ்வரளிப் பூவில் நிறமுண்டு, மணமுண்டு, தேன் மட்டும் இல்லை! மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளிலிருந்து வந்த ஈழத்தலரியும் அவ்விதமே. இரவில் மணம் வீசி, பறந்துகொண்டே தேன் குடிக்கும் பெரிய அந்துப்பூச்சிகளை அழைக்கிறது. அவை பூப்பூவாகத் தேடி ஏமாந்து போகும்போது மகரந்தம் இடம் மாறிவிடுகிறது. கடையைத் திறந்து வைத்து, விளக்கும் ஏற்றி, சரக்கே வைக்காத வியாபாரம்! நம் ஊரில் ஈழத்தலரி காய்ப்பதும் அரிது. கிளையை ஒடித்து நட்டே நாம் அதை வளர்க்கிறோம்.

புழுக்கள் அறிந்த உறவு

அறிஞர்கள் 200 ஆண்டு வழக்காடிய இந்த உறவைக் கம்பளிப்புழுக்கள் எப்போதோ தெரிந்துவைத்திருந்தன. அரளி இலையைத் தின்னும் பச்சைப்புழு ஒன்று உண்டு. வாலில் சிறு கொம்பும், தலைப்புறத்தில் நீலக் கண்கள் போன்ற இரு பொட்டுகளும் இருக்கும். அதே புழு நந்தியாவட்டையைத் தின்னும், நித்தியகல்யாணியையும் தின்னும். பக்கத்திலேயே செம்பருத்தி தளதளவென்று நின்றாலும் திரும்பிப் பாராது. வளர்ந்தபின் அது பச்சைப் பட்டுப் போன்ற அழகிய அந்துப்பூச்சியாகிறது. எருக்கிலையில் கறுப்பு வெள்ளை வரிகளும் மஞ்சள் புள்ளிகளும் கொண்ட புழுவைக் காணலாம். அது இந்நாளில் ‘வெந்தய வரியன்’ என்று தமிழில் பெயர் பெற்றுள்ள வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை.

இந்தப் புழுக்கள் தின்பது நஞ்சு. எருக்கு, அரளி, மஞ்சளரளி மூன்றிலும் இதயத்தைத் தாக்கும் ஒருவகைச் சர்க்கரைக் கூட்டுப்பொருள்கள் இருக்கின்றன. இதயத் தசையின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பு இருக்கிறதல்லவா? அதை இவை நிறுத்திவிடும். வெந்தய வரியனின் புழு அந்த நஞ்சைத் தாங்குவதோடு, பல வேளை உடலிலும் சேர்த்துவைத்துக்கொள்கிறது. ஒருமுறை கொத்திக் குமட்டிய பறவை மறுமுறை அந்த நிறத்தைக் கண்டால் ஒதுங்கும். அந்தப் பெயரைப் பயன்படுத்திப் பிழைப்பவர்களும் உண்டு. நஞ்சே இல்லாத வேறொரு வண்ணத்துப்பூச்சியின் பெண் அச்சாக வெந்தய வரியனின் நிறத்தையே உடுத்தித் திரிகிறது.

விதிவிலக்கு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். காகத்தின் பெயரைத் தாங்கிய கரும்பழுப்பு வண்ணத்துப்பூச்சி அரளியிலும் நன்னாரியிலும் முட்டையிடும். அவற்றுக்கு உறவில்லாத ஆலிலும் அத்தியிலும் இடும். அதற்குப் பால் இருந்தால் போதும் போலும். அரளி இலைக்கடியில் கண்ணாடி போலப் பளபளத்துத் தொங்கும் அதன் கூட்டுப்புழுவை ஒருமுறை கண்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

மருந்து வந்த வழி

நஞ்சும் மருந்தும் ஒரே பெட்டியில் இருக்கும் குடும்பம் இது. சர்ப்பகந்தியை எடுத்துக்கொள்வோம். தமிழில் இதற்குச் சிவன் அமல்பொடி என்றும் பெயர். மனக்கலக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் நம் நாட்டு மருத்துவர் நெடுங்காலம் கொடுத்துவந்த வேர். 1931-இல் கல்கத்தாவில் சென், போஸ் என்னும் இரு மருத்துவர்கள், அது மனநோய்க்கு மட்டுமன்றி இரத்த அழுத்தத்துக்கும் பயன்படுவதை எழுதினர். அதே ஆண்டு சலீமுஸ்ஸமான் சித்திக்கி அதன் வேரிலிருந்து ஒரு காரப்பொருளைப் பிரித்து, ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக ‘அஜ்மலின்’ என்று பெயரிட்டார். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் ஆங்கில இதயநோய் இதழில் எழுதியபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தில் ‘ரெசர்பின்’ பிரித்தெடுக்கப்பட்டது. சில நோயாளிகளை மனச்சோர்வுக்கு உள்ளாக்குவதாகக் கண்டபின் அதன் புழக்கம் குறைந்தது என்றாலும், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை என்னும் எண்ணத்தையே வளர்த்த மருந்துகளில் அது ஒன்று.

சர்ப்பகந்தியின் நெருங்கிய உறவு நித்தியகல்யாணி. அதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. உலகெங்கும் வெப்ப நாடுகளில் பரவிய அது பல இடங்களில் நீரிழிவுக்குக் கஷாயமாயிற்று. 1952-இல் ஜமைக்காவிலிருந்து அதன் இலைகள் கனடாவுக்கு அஞ்சலில் வந்தன. ராபர்ட் நோபிள் என்பவர் அதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன! ‘பயனில்லை’ என்று அவர் கொட்டிவிட்டிருக்கலாம். வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய் ஒன்று உண்டே என்று எண்ணினார். சார்லஸ் பீர் என்னும் வேதியியலாருடன் சேர்ந்து 1958-இல் ‘வின்பிளாஸ்டின்’ என்னும் பொருளைப் பிரித்தறிந்தார். அமெரிக்க மருந்து நிறுவனம் ஒன்று அதே செடியிலிருந்து ‘வின்கிரிஸ்டின்’ கண்டது. 1963-இல் அது அங்கு ஒப்புதல் பெற்றது. செல் பிரிதல் பாடத்தில் குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் கதிர்க்கோல் இழைகளைப் படம் வரைகிறோமே, அந்த இழைகள் உருவாகாதபடி இம்மருந்து தடுக்கிறது. பிரிய முடியாத புற்றுச் செல் மாண்டுவிடுகிறது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் முன்பு ஏறக்குறைய மரண தண்டனையாகவே இருந்தது. இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கிறார்கள். வேறு பல மருந்துகளோடு சேர்த்து இன்றும் கொடுக்கப்படுவது வின்கிரிஸ்டின்.

ஒரு பிடி மருந்துக்கு டன் கணக்கில் இலை வேண்டும். நம் தமிழ்நாட்டிலும் தென் மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் இதற்காகவே நித்தியகல்யாணி பயிரிடப்பட்டு ஏற்றுமதியாகியிருக்கிறது. 2022-இல் ஈஸ்ட்டுக்கு அச்செடியின் மரபணுக்களை ஊட்டி, மருந்தின் இரு பாதிகளையும் உண்டாக்கி இணைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

இனி, எங்கள் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்விக்கு வருவோம். ‘அப்படியானால் குழாயடிச் செடியின் இலையை அரைத்துக் குடித்தால் என்னம்மா?’ என்று பாட்டிமார் கேட்கிறார்கள். எங்கள் தெருவில் சர்க்கரைக்காகத் தினமும் அதன் பூவை மென்று வந்த பெரியவர் ஒருவரும் இருந்தார். கூடாது என்பதே விடை. அந்த இலையில் 100-க்கும் மேற்பட்ட காரப்பொருள்கள் கலந்து கிடக்கின்றன. எது எவ்வளவு என்று எந்த அம்மிக்கும் தெரியாது. மருந்தாகும் பொருளோ மிகமிகச் சிறிதளவே உள்ளது. அதைப் பிரித்து, அளந்து, நாளத்தில் ஏற்றி, இரத்த அணுக்களை எண்ணிக்கொண்டே கொடுக்கிறார்கள். சித்த மருத்துவரும் நஞ்சுள்ள மூலிகையைச் சுத்தி செய்யாமல் தொடுவதில்லை.

அரளி விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 2024-இல் கேரளத்தில் அரளி இலையை அறியாமல் மென்றதால் என்று ஐயுறப்பட்ட ஓர் இளம்பெண்ணின் மரணத்துக்குப் பின், திருவிதாங்கூர் தேவசம் போர்டு தன் கோயில்களின் நிவேதனத்திலிருந்தும் பிரசாதத்திலிருந்தும் அரளிப் பூவை நீக்கியது. மஞ்சளரளிக் காயை வைத்துச் சொப்பு விளையாடும் தங்கைகளும் தம்பிகளும் நம் தெருக்களில் உண்டு. அவர்கள் அதன் பருப்பை வாயில் வைத்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தின்றது இன்ன காய் என்று சொல்வதும் முக்கியம்.

ஆனால் எல்லாரும் நஞ்சில்லை. நன்னாரி வேர் தலைமுறை தலைமுறையாக நம் கோடைக்காலப் பானம். சிறுகுறிஞ்சான் இலையை மென்றபின் சர்க்கரையை நாவில் வைத்தால் மணல் போலிருக்கும். நாவில் இனிப்பை உணரும் சுவை ஏற்பிகளை அது சற்று நேரம் மயக்கிவிடுகிறது. நாங்கள் ஆசிரியை முன்னிலையில் செய்து பார்த்த சோதனை இது. அன்று கேன்டீனில் வாங்கிய கடலை மிட்டாய் எல்லாம் வீண்!

அப்படியானால் உறவை அறிவதால் மருந்து கிடைக்குமா? ஓரளவு. சர்ப்பகந்தி, நித்தியகல்யாணி, நந்தியாவட்டை மூன்றும் இக்குடும்பத்தில் ஒரு பக்கத்தவை. மூன்றிலும் ஒரே வகைக் காரப்பொருள்கள் கிளைத்துக் கிடக்கின்றன. ஆனால் இதய நஞ்சு அப்படி ஒழுங்காக அமையவில்லை. மஞ்சளரளி பெயரில் அரளியானாலும் கிளையால் நித்தியகல்யாணிப் பக்கத்தது. நஞ்சிலோ அரளியோடும் எருக்கோடும் சேர்கிறது. ஐரோப்பாவில் இதயநோய்க்குப் பயன்பட்ட டிஜிடாலிஸ் செடியோ வேறு குடும்பம். அதிலும் அதே வகை நஞ்சு. 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, நேபாளம், நியூசிலாந்து, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி ஆகிய மூன்று இடங்களின் மூலிகைகளை ஒரே வம்ச மரத்தில் வைத்துப் பார்த்தது. ஒருவரையொருவர் அறியாத அம்மக்கள், ஒரே விதமான நோய்களுக்கு ஒரே கிளைகளைச் சேர்ந்த செடிகளையே நாடியிருந்தனர். புது மருந்து தேடுவோர்க்கு எந்தக் கதவை முதலில் தட்டலாம் என்று வம்ச மரம் சொல்கிறது. உள்ளே இருப்பது என்ன என்பதைத் தட்டித்தான் பார்க்க வேண்டும்.

தட்டுவதற்குக் கதவு இருக்க வேண்டுமே! அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைச் சுற்றியும் ஆவடிச் சாலையோரத்திலும் காலி மனைகள் ஒவ்வொன்றாகக் கட்டடங்களாகின்றன. எருக்கு எங்கேனும் ஒரு விரிசலில் முளைத்துக்கொள்ளும். நன்னாரிக்குப் புதரும் நிழலும் வேண்டும். கடைக்காரர்கள் வேரோடு பிடுங்கிய வேரையே விற்கிறார்கள். கருவண்டுக்கு உலர்ந்த மரக்கட்டை வேண்டும். எங்கள் விளையாட்டுத் திடலின் ஓரத்தில் பட்டுப்போன முருங்கை ஒன்றை வெட்டிவிடலாம் என்று தோட்டக்காரத் தாத்தா சொன்னபோது, அதில் இருந்த வட்டத் துளைகளை அவருக்குக் காட்டினோம். தலைமை அருட்சகோதரியிடம் சொல்லி, விழாதபடி மேல் கிளைகளை மட்டும் கழித்துவிட்டு அடிமரத்தை விட்டிருக்கிறார்கள். மார்ச் மாத வெயிலில் காலை பத்து மணிக்கு அங்கே நின்றால், துளையிலிருந்து புறப்படும் வண்டு நேரே மதிலைத் தாண்டி எருக்கம்புதருக்குப் போவதைப் பார்க்கலாம். காலில் இரண்டு மஞ்சள் பொதிகள் தொங்குகின்றனவா என்று பார்க்கக் கண் கூர்மையாக இருக்க வேண்டும்.